காலி வண்டியின் எடை

"இன்னும் ஒரு பாட்டில் குடிங்க மச்சான்."

"வயிறு வெடிச்சிரும் மாப்ளே."

"வெடிக்கட்டும். எடை போட்டு முடிச்சப்புறம் வெடிக்கட்டும்."

"போன வருஷம் வரைக்கும் நானும் ஒரு வண்டிக்கு ஓனர். இன்னிக்கு உன் வண்டில எடைக்கல்லு. என் பொழப்பைப் பாத்தியா?"

"எடைக்கல்லுக்கு இவ்வளவு வாய் ஆகாது. போய்ப் படுங்க. திரையை நல்லா இழுத்து விட்டுக்குங்க."

"மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை கூடுமா, குறையுமா?"

"கூடும்."

"படிச்ச மாப்ளைய்யா நீ," என்று சிரித்துக்கொண்டே அவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் ஏறிப் படுத்தார். திரை இழுபட்டது. வளையங்கள் கம்பியில் உரசுகிற சத்தம்... அவ்வளவுதான். பிறகு வண்டிக்குள் ஒரே ஒரு ஆள் இருப்பது போலத்தான் இருந்தது.

அப்போது மணி ராத்திரி இரண்டு பத்து. தொழிற்சாலைக்குப் போகிற கிளைச் சாலை. ஒன்பது கிலோமீட்டர். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் முட்புதர். காற்றில் ஒரு வாடை. துருப்பிடித்த இரும்பும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாக நனைந்த மாதிரி. அந்த வாடை வந்தாலே கண் எரியத் தொடங்கும்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் நம் பெயின்டரைக் கேட்டுக்கொள்ளலாம். லாரிகளின் பின்னால் எழுத்து எழுதுகிறாரே, அவர்தான். அவருடைய பெரியப்பா மகனுக்கு நடந்தது. ஒரே ஒரு டிப்பர் லாரி, அதற்கு அவனே முதலாளி, அவனே டிரைவர். அதனால் எல்லோரும் அவனை ஒத்தவண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தவர் அவன் மனைவியின் அண்ணன். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அறுபத்தெட்டு.

வயது இல்லை... எடை.

எதற்கு இந்தக் கூத்து என்றால், வாடகைக்குத்தான். ஒத்தவண்டி ஏற்றியது கல்லுப்பு. சாயங்காலம் உப்பளத்தில் இருபது டன் ஏற்றிக்கொண்டு, ராத்திரியெல்லாம் ஓட்டி, தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை. ஏற்றும்போது ஏஜென்ட் முன்பணம் தருவார். அது டீசலுக்கும் சுங்கச் சாவடிக்கும் டயருக்கும் சரியாகப் போய்விடும். மிச்ச வாடகைதான் வீட்டுக்கு. அந்த மிச்சமும் நடைக்கு நடை வராது. பதினைந்து நடை முடிய வேண்டும். பதினைந்து எடைச்சீட்டிலும் முத்திரை விழ வேண்டும். அதற்கப்புறம்தான் மொத்தமாக ஒரு பில். ஒரு சீட்டில் தகராறு என்றாலும் பதினைந்தும் நிற்கும்.

உப்பு ஈரமானது. வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வரும். இருபது டன்னில் நூறு கிலோ வரைக்கும் குறையலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நூறைத் தாண்டினால் அந்த நடையின் வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். இருநூறைத் தாண்டினால் திருட்டுக் கணக்கு. விசாரணை. ஆனால் உப்புத் தண்ணீர் எந்த ஒப்பந்தத்தைப் படித்தது? அது தன் பாட்டுக்கு நூற்றிருபது, நூற்றைம்பது என்று சொட்டிக்கொண்டு வந்தது.

அதற்குத்தான் மச்சான். சுமையோடு எடை போடும்போது திரைக்குப் பின்னால் படுத்திருப்பார். உப்பைக் கொட்டும் இடத்தில், இருட்டோடு இருட்டாக, இடப்பக்கக் கதவு வழியாக இறங்கிவிடுவார். காலி வண்டியை எடை போடும்போது அவர் அதில் இருக்க மாட்டார். சுமை எடையில் காலி எடையைக் கழித்தால், ஒரு முழு மனிதனும் உப்புக் கணக்கில் சேர்ந்துவிடுவான். வெளியே போகிற வழியில் பாய்லர் சுவரின் மறைவில் வண்டி மெதுவாகும். மறுபடி ஏறிக்கொள்வார். வாசல் காவலுக்கு அவர் உள்ளே வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பத்து நடை இப்படியே ஓடியது. பத்துச் சீட்டும் சுத்தம்.

அன்று பதினொன்றாவது நடை.

எடைமேடையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒத்தவண்டி இறங்கி, தரையில் வரைந்திருந்த மஞ்சள் கட்டத்தில் நின்றான். அது அங்கே சட்டம். மேடை பக்கத்து அறைக்குக் கறுப்புக் கண்ணாடி ஜன்னல். உள்ளே இருக்கிற பெண்ணின் முகத்தை எந்த டிரைவரும் பார்த்ததில்லை. கம்பத்து ஒலிபெருக்கியில் முதலில் 'கொர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும், பிறகு குரல் வரும். எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

'கொர்ர்...' "சரி. எடுத்துட்டுப் போங்க."

எண்கள் சிவப்பாக எரிந்து அணைந்தன. அவன் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கனைப்பு. "இன்னிக்கு ஒன்றரைக் கிலோ கூட இருப்பேன் மாப்ளே. மூத்திரம் முட்டுது."

"வாயை மூடுங்க."

அதுதான் அவன் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

வழக்கமாக உப்பைத் தரையில் குவியலாகக் கொட்டச் சொல்வார்கள். அன்று உப்பைத் தள்ளுகிற மெஷின் பழுது. நேராகக் கரைப்புக் குழியிலேயே கொட்டச் சொன்னார்கள். இரண்டு ஆள் ஆழக் குழி அது. அடியில் ராப்பகலாகத் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். விழுகிற உப்பையெல்லாம் கரைத்துக் குழாய் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். 'ட' என்ற எழுத்து எப்படி வளைகிறதோ அப்படி வளைந்த குழி. அதன் மடிப்பில் வண்டியை நிறுத்தினால் பின்னாலும் குழி... இடது பக்கமும் குழி.

டார்ச் விளக்கோடு ஒரு ஆள் ஜன்னலுக்கு வந்தார். "ரிவர்ஸ்ல வா. இடது பக்கம் பாத்துக்க. தடுப்புக் கம்பியைக் கழட்டி வெச்சிருக்கோம்."

மச்சான் இறங்குகிற பக்கம் அது; திரைக்குப் பின்னால் அவருக்கு இது கேட்டதோ என்னவோ.

ஒரு வார்த்தை போதும். 'இடது பக்கம் வேண்டாம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் வண்டி பின்னால் போய் மடிப்பில் நிற்கும்வரை டார்ச்சுக்காரர் அரை அடி தள்ளியே கூட வந்தார். தனியாக வந்தவன் யாரோடு பேசுகிறான் என்று கேட்பார். திரையை விலக்கிப் பார்ப்பார். பத்துச் சீட்டும் போகும். அவர் நகரட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று இருந்தான். டார்ச்சுக்காரர் நகர்ந்தார். மெதுவாக. பீடியைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு நகர்ந்தார்.

ஒத்தவண்டி வாயைத் திறந்தான்.

'க்ளிக்.' இடப்பக்கக் கதவு.

ஒவ்வொரு நடையிலும் அந்த 'க்ளிக்'குக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்கும். சிந்திய உப்பின் மேல் வெறுங்கால் ஊன்றுகிற 'நறக்'. செருப்புச் சத்தம் கேட்கும் என்று மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். அன்று அந்த 'நறக்' வரவில்லை. கீழே எங்கேயோ... 'ப்ளக்'. ஒரே ஒரு தடவை.

உப்புக்கட்டி விழுந்திருக்கும் என்று நினைத்தான்.

"தூக்கு!" என்றார் டார்ச்சுக்காரர், பின்னாலிருந்து.

நெஞ்சு ஒரு பக்கம் நின்றது. கை ஒரு பக்கம் போனது. பத்து வருஷப் பழக்கம், கை தானாக லிவரை இழுத்துவிட்டது. தொட்டி முனகிக்கொண்டே எழுந்தது. இருபது டன் உப்பும் சரிந்தது. தகரக் கூரைமேல் பெருமழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்... கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து... கடைசியில் தண்ணீர் சுழல்கிற சத்தம் மட்டும்.

காலி எடை சரியாக இருந்தது. ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது. பாய்லர் சுவரின் மறைவில் வண்டியை மெதுவாக்கினான். யாரும் ஏறவில்லை. நிறுத்தினான். என்ஜினின் சூடு முகத்தில் அடித்தது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. வெளியே வந்துவிட்டான்.

விடியும்வரை சாலையோரத்தில் காத்திருந்தான். ஐந்தே முக்காலுக்குத் திரைக்குப் பின்னால் போன் அடித்தது. மச்சான் இறங்கும்போது போனையும் பலகையிலேயே விட்டுவிட்டுப் போவார். போன் முகப்பில் 'தங்கச்சி' என்று எரிந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. அதைச் சத்தமில்லாமல் ஆக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வாசல் நூறு அடிதான். போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்றால், எப்படி வந்தார் என்பார்கள். பதினொரு நடை வாடகையும் நிற்கும். வண்டித் தவணை இரண்டு மாசம் பாக்கி. வண்டியை இழுத்துப் போவார்கள். மச்சான் வண்டியை அப்படித்தான் இழுத்துப் போனார்கள். அன்றைக்கு அந்த மனுஷன் முன் டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததை ஒத்தவண்டி தன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

அதோடு, சொல்லாமல் கொள்ளாமல் யார் வண்டியிலாவது ஏறி ஊர் சுற்றப் போகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஒரு தடவை ஒன்பது நாள் காணாமல் போய், கையில் ஒரு கால்பந்தோடு வந்து நின்றவர். இப்போதும் அப்படித்தான் போயிருப்பார்... வீட்டில் அதையே சொன்னான்.

"எங்கண்ணன் எங்க?"

"வேற வண்டில ஏறிட்டாரு."

"எந்த வண்டி?"

"அது... உப்பு வண்டிதான்."

அவன் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு ஜோடி செருப்பு. வண்டியைக் கூட்டித் துடைக்கப் போனபோது எடுத்திருக்கிறாள்.

"வெறுங்காலோடவா போச்சு?"

"புதுசு வாங்கியிருப்பாரு."

"யார் காசுல?" என்றாள். அவன் போய்க் குளித்தான். குளித்த பிறகும் உதட்டில் கரித்தது.

இன்னும் நாலு நடை. பில் கைக்கு வரட்டும். வந்த அன்றைக்கே நானே போய்ச் சொல்கிறேன், குழியை இறைக்கச் சொல்கிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான்.

பன்னிரண்டாவது நடைக்குத் தனியாகப் போனான். சுமை எடையில் ஒன்றும் வித்தியாசம் இல்லை. உப்பைத் தரையில்தான் கொட்டச் சொன்னார்கள். காலி வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு இறங்கி நின்றான். சிவப்பு எண்கள் ஓடின... நின்றன.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு.

தன் வண்டியின் காலி எடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அறுபத்தெட்டு கூட இருந்தது.

'கொர்ர்...' "டிரைவர், கூட இருக்கிறவரையும் இறங்கச் சொல்லுங்க."

"யாருமில்லக்கா."

"எடை காட்டுதே."

காவலாளி ஏறிப் பார்த்தார். திரையை விலக்கினார். பலகையில் யாரும் இல்லை. அதன்மேல் விரித்திருந்த மெத்தையைத் தொட்டுவிட்டுக் கையை மோந்தார். "என்னப்பா, தண்ணியைக் கொட்டி வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார். மெத்தையில் ஈரம். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு ஈரம்.

முன்பெல்லாம் உப்புக் கணக்கைக் கூட்டிக் கொடுத்த அறுபத்தெட்டு இப்போது குறைத்தது. பத்தில் ஒரு பங்கு வாடகை போயிற்று.

பாய்லர் சுவரிடம் வந்ததும் அவன் கால் பழக்கத்தில் தானாக பிரேக்கை மிதித்தது. 'க்ளிக்.' இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் லேசாக எழும்பியது... ஒரு ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கண்ணாடியில் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

பதின்மூன்றாவது நடையில் எழுபத்தொன்று கூடுதல்.

மூன்று கிலோ எப்படி ஏறியது என்று வீடு வரும்வரை யோசித்தான். தண்ணீரில் கிடந்தால் துணி ஊறும். துணி மட்டுமா ஊறும்... அதற்கு மேல் யோசிக்காமல் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான். மெத்தையை எடுத்து வழியில் புதருக்குள் வீசினான். மச்சானின் போனிலிருந்து சிம்மைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். போனை அணைத்து ஸ்பானர் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினான்.

இரண்டு நாள் கழித்து, உப்பளத்தில் சுமை ஏறிக்கொண்டிருந்தபோது, மனைவி கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"என்னங்க, அண்ணன் போனை எடுத்துச்சு!"

கீழே நின்றிருந்த ஒத்தவண்டி, திறந்திருந்த கதவு வழியே ஸ்பானர் பெட்டியைப் பார்த்தான். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது.

"பேசினாரா?"

"சரியாக் கேக்கல. ஏதோ தண்ணி சுத்துற மாதிரி ஒரே இரைச்சல். எங்க இருக்கேன்னு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல. திரும்பத் திரும்ப ஒண்ணையே கேட்டுச்சு."

"என்ன கேட்டாரு?"

"'இடது பக்கமா?' 'இடது பக்கமா?'ன்னு. அப்படின்னா என்னங்க?"

போன் கையிலிருந்து நழுவி உப்பில் விழுந்தது. அவள் "ஹலோ... ஹலோ..." என்று கூப்பிடுகிற சத்தம் உப்புக்குள்ளிருந்து சின்னதாக வந்துகொண்டே இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். ஏற்றிய சுமையை யார் எடுத்துப் போவார்கள்? முன்பணம் ஏற்கெனவே டீசலாகிவிட்டது. போனான்.

பதினான்காவது நடையில் எழுபத்தைந்து கூடுதல். சொட்டியதும் சேர்ந்து மொத்தக் குறைவு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

'கொர்ர்...' "டிரைவர், இன்னும் ஒரு கிலோ, ரெண்டு கிலோ ஆகியிருந்தா நான் மேல எழுத வேண்டியிருந்திருக்கும். பதினாலு சீட்டும் நின்னுரும். தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அடுத்த தடவை அவரை எங்கயாவது இறக்கி விட்டுட்டு வாங்க."

"யாரை?"

ஒலிபெருக்கி இரைந்தது. பிறகு அணைந்தது.

அன்று பாய்லர் சுவரிடம் அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். சுவர் ஓடி மறைந்தது. கதவு திறக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். கிளைச் சாலைக்கு வந்த பிறகுதான் அது புரிந்தது. கதவு திறக்கவில்லை என்றால்... யாரும் இறங்கவில்லை.

ஒன்பது கிலோமீட்டர். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. திரைக்குப் பின்னால், வெறும் பலகையின் மேல்... சொட். கொஞ்ச நேரம் கழித்து... சொட். பிளீச்சிங் பவுடர் வாடை. திரை வளையங்கள் கம்பியில் ஆடாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. வண்டி குலுங்கும்போதுகூட ஆடவில்லை. யாரோ உள்ளேயிருந்து திரையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

திரும்பிப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே, ஒத்தவண்டி வாய்விட்டுப் பேசினான்.

"மச்சான். இன்னும் ஒரே ஒரு ட்ரிப்பு. பில்லு பாஸாகட்டும். உங்க பங்கையும் சேத்து உங்க தங்கச்சி கைல குடுத்துடறேன். அப்புறம் நானே போய்ச் சொல்றேன். சத்தியமா. இந்த ஒரு தடவை மட்டும்... வராதீங்க மச்சான்."

சொட்டுகிற சத்தம் நின்றது.

யாரோ யோசிக்கிற மாதிரி ரொம்ப நேரம் நின்றே இருந்தது.

பதினைந்தாவது நடைக்கு உப்புக்கு அடியில் ஒரு தார்ப்பாய், மேலே இரண்டு தார்ப்பாய் போட்டான். முடிந்தவரை சொட்டாதபடி ஓட்டினான். பள்ளம் மேட்டில் நடக்கிற வேகத்துக்கு இறங்கினான். திரையைக் கழற்றி வீட்டிலேயே விட்டுவிட்டான். பலகை வெறுமையாக இருந்தது. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

சுமை எடை முடிந்தது. உப்பைக் கொட்டி முடித்தான். கடைசியாகக் காலி வண்டியை மேடையில் ஏற்றினான். சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு 'டங்' என்றது. இறங்கி மஞ்சள் கட்டத்தில் போய் நின்றான். மணி நாலு இருக்கும். நாய் குரைக்கவில்லை. காற்று இல்லை. பாய்லர் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

எண்கள் ஓடின. ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.

அப்படியே நின்றது. ஒரு கிலோ கூட இல்லை, ஒரு கிலோ குறைவும் இல்லை.

ஒத்தவண்டிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சான் கேட்டுக்கொண்டார். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் மச்சான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். தவணை கட்டிவிடலாம். வண்டி மிஞ்சும். அப்புறம் பொழுது விடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம்... அல்லது நாளைக்கு. அல்லது பணம் பாங்கில் விழுந்த பிறகு. இத்தனை நாள் ஆயிற்று, இன்னும் இரண்டு நாளில் என்ன...

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பிரின்டர் 'கிர்ர்... கிர்ர்...' என்று சீட்டை அடித்தது.

'கொர்ர்...' "டிரைவர், இன்னிக்கு எல்லாம் கரெக்ட். தொண்ணூறு கிலோதான் குறைச்சல். பதினஞ்சும் முடிஞ்சிடுச்சு. முத்திரை குத்தினா பில் போயிரும்."

"ரொம்ப நன்றிக்கா."

"நல்ல வேளை, இன்னிக்கு அவரை இறக்கி விட்டீங்க."

அவன் திரும்பி வண்டியின் கதவைப் பார்த்தான்.

"இங்கதான் வந்து உக்காந்திருக்கார். எனக்கு எதிர்ல."

ஜன்னல் கறுப்பாக இருந்தது. அதில் அவன் முகமும், பின்னால் அவன் வண்டியும்தான் தெரிந்தன. ஒலிபெருக்கியை அவள் அணைக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே அந்த அறையின் சத்தங்கள் எல்லாம் கம்பத்து உச்சியிலிருந்து இறங்கி வந்தன. நாற்காலி நகர்ந்தது. நனைந்த வெறுங்கால் சிமென்ட் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சொட்... சொட்...

"முழுக்க நனைஞ்சிருக்கார் பாவம். துண்டு குடுத்தேன், வேண்டாம்ங்கிறார்." மைக் அக்காவின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தோடு, அக்கறையோடு. "ஆனா ஒண்ணு டிரைவர். உள்ள வந்த ஆளுக்குப் பேர் எழுதாம என்னால இந்தச் சீட்டுல முத்திரை குத்த முடியாது. அவரைக் கேட்டேன். பேரை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறார். சிரிக்கிறார். 'எம் மாப்ளைக்குத் தெரியும், அவன் வாயால சொல்லட்டும்'ங்கிறார்."

பேனா மூடியைக் கழற்றுகிற சின்ன 'டப்'.

மஞ்சள் கட்டத்தின் நடுவில் ஒத்தவண்டி நின்றான். நாக்கில் உப்புக் கரித்தது.

'கொர்ர்...'

"சொல்லுங்க டிரைவர். எழுதிக்கிறேன். இவர் பேரைச் சொல்லுங்க."